பழைய மோட்டார் சைக்கிளும் பெட்ரோல் தடையும்: நாமே சோதித்தறியும் முறை

பால்மரம் வெட்டும் தொழிலில் நேரத்தின் அருமையை நம் தோட்டத் தொழிலாளர்களுக்கு எடுத்துக் கூற வேண்டியதில்லை. இரவு நேரத்தில் மரத்தின் பாற்குழல்களில் அழுத்தம் மிகுந்து நிற்கும். கதிரவன் மேலேறி, இலைகளின் வழியே நீர் ஆவியாகத் தொடங்கியதும் அவ்வழுத்தம் தணிந்துவிடும். மங்கில் சொட்டும் பாலும் குறைந்துவிடும். எனவே காலம் தாழ்த்தி நிரைக்குப் போகின்றவர் அன்றைய வருவாயில் ஒரு பகுதியை இழக்கவே நேர்கிறது.

முற்காலத்தில் லயத்து வீட்டிலிருந்து கால்நடையாகவே வெட்டுக்காட்டுக்குச் சென்றனர். இன்றோ பலர் தோட்டத்துக்கு வெளியே, தாமான்களிலும் கம்பங்களிலும் குடியிருந்து, பல மைல் தொலைவு மோட்டார் சைக்கிளில் வந்து பெரட்டுக்கு நிற்கின்றனர். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும், மருந்தகத்துக்குச் செல்வதற்கும் அதே வண்டிதான் துணை. அத்தகைய வண்டி இருள் பிரியாத வேளையில் செம்மண் சாலையின் நடுவே நின்றுவிட்டால், பட்டறையோ தொலைவில். திறந்திருக்கும் நேரமும் அன்று.

பழைய வண்டிகள் இவ்வாறு நின்றுவிடுவதற்குப் பெட்ரோல் சரியாக வந்து சேராமை ஒரு முக்கிய காரணமாகும். இக்கோளாற்றைக் கண்டறிய விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. பெட்ரோல் எந்த வழியாக வருகிறது என்பதை அறிந்து, அவ்வழியை மேலிருந்து கீழாக வரிசை தவறாமல் சோதித்தால் போதும். அம்முறையை இக்கட்டுரையில் காண்போம்.

எடுத்துக்காட்டாக ஒரு வண்டி

நம் நாட்டில் எல்லா இனத்தவரும் ‘கப்சாய்’ என்று அழைக்கும் சிறிய ரக வண்டியையே இங்கு எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் ‘சூப்பர் கப்’ வண்டியை 1958ஆம் ஆண்டில் வெளியிட்டது. அவ்வினத்தைச் சேர்ந்த வண்டிகளின் உற்பத்தி 2017ஆம் ஆண்டில் 10 கோடியை எட்டியது. அக்குடும்பத்தைச் சேர்ந்த 72 சிசி ‘சி70’ வண்டி இன்றும் பல தோட்டங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. மற்றப் பழைய வண்டிகளுக்கும் இங்குக் கூறப்படும் முறை பெரும்பாலும் பொருந்தும். உறுப்புகள் அமைந்துள்ள இடம் மட்டும் சற்று வேறுபடலாம்.

பெட்ரோல் செல்லும் பாதை

சி70 வண்டியில் பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில் இருக்கிறது. பெட்ரோலை மேலே இழுக்கும் பம்பு எதுவும் இதில் இல்லை. மேட்டுக் கிணற்றிலிருந்து வாய்க்காலில் நீர் இறங்குவதுபோல, தன் எடையாலேயே பெட்ரோல் கீழே இறங்குகிறது. தொட்டியிலிருந்து ரப்பர்க் குழாய் வழியாகத் திறப்புக் குழாய்க்கு வருகிறது. திறப்புக் குழாய்க்குத் திறந்த நிலை, மூடிய நிலை, ரிசர்வ் என மூன்று நிலைகள் உண்டு. சி70 வண்டியில் இது கார்புரேட்டருடன் சேர்ந்தே அமைந்திருக்கும். வேறு பல வண்டிகளில் தொட்டியின் அடியிலேயே இருக்கும்.

திறப்புக் குழாயைக் கடந்ததும் பெட்ரோல் ஒரு சிறு கிண்ணத்தில் இறங்கி, அங்குள்ள சல்லடை வழியாக மேலேறுகிறது. தூசியும் நீரும் அக்கிண்ணத்தில் தங்கிவிடும். பின்னர் கார்புரேட்டரின் மிதவை அறையை அடைகிறது. அறை நிரம்பியதும் மிதவை மேலெழுந்து ஓர் ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். பெட்ரோல் குறைந்ததும் மிதவை தாழ்ந்து வழியைத் திறந்துவிடும். வீட்டு நீர்த்தொட்டியில் உள்ள மிதவைக் குழாயும் இவ்வாறே இயங்குகிறது. அவ்வறையிலிருந்து ஜெட் எனப்படும் நுண்ணிய பித்தளைத் துளைகளின் வழியாகப் பெட்ரோல் உறிஞ்சப்பட்டு, காற்றுடன் கலந்து என்ஜினுக்குள் போகிறது.

இதில் மறக்கக்கூடாத செய்தி ஒன்று உண்டு. தொட்டியிலிருந்து பெட்ரோல் வெளியேற வேண்டுமானால், அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே நுழைய வேண்டும். அதற்கென்றே தொட்டியின் மூடியில் ஒரு சிறு துளை வைக்கப்பட்டிருக்கிறது.

முதலில் பாதுகாப்பு

வேலையைத் தொடங்குமுன் பெட்ரோலின் இயல்பை நன்கு உணர்ந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் படர்ந்து, சற்றுத் தொலைவில் உள்ள நெருப்பையும் எட்டிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வீட்டுக்குள்ளும், சமையலறைப் பக்கத்திலும், சாமி விளக்கோ கொசுவர்த்தியோ எரியும் இடத்திலும் இவ்வேலையைச் செய்தல் கூடாது. திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில், என்ஜின் நன்றாக ஆறிய பின்னரே செய்ய வேண்டும். சிகரெட் புகைத்தலை அறவே தவிர்க்க வேண்டும். தொட்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கத் தீக்குச்சியையோ லைட்டரையோ கொளுத்துவது உயிருக்கே உலை வைக்கும் செயலாகும்.

அருகில் ஒரு வாளி மணல் வைத்திருப்பது நன்று. பெட்ரோல் தீயின்மீது நீரை ஊற்றக்கூடாது. பெட்ரோல் நீரின்மேல் மிதந்து, எரிந்தபடியே பரவும்.

ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்குப் பெட்ரோல் மாற்றுவதற்காகக் குழாயில் வாய்வைத்து உறிஞ்சும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. இதனை அடியோடு விட்டொழிக்க வேண்டும். தவறிச் சிறிதளவு நுரையீரலுக்குள் சென்றாலும் கடும் பாதிப்பை உண்டாக்கும். யாரேனும் பெட்ரோலை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 999 என்ற எண்ணை அழைக்கலாம். பானப் புட்டிகளில் பெட்ரோலை ஊற்றி வைப்பதும் கூடாது. தாகத்தோடு வரும் குழந்தைக்குப் புட்டிதான் தெரியும்; உள்ளிருப்பது தெரியாது.

கோளாறு பெட்ரோலிலா, மின்பொறியிலா?

என்ஜின் இயங்கவில்லை என்றதும் பெட்ரோலையே குறை கூறிவிடுதல் முறையன்று. திறப்புக் குழாயைத் திறந்து, சோக்கைப் போட்டு, நான்கைந்து முறை மிதித்த பின்பு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிளக்கின் முனை முற்றிலும் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று கொள்ளலாம். முனை நனைந்து பெட்ரோல் மணம் வீசினால், பெட்ரோல் வருகிறது. மின்பொறி இல்லாமலிருக்கலாம், அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வந்திருக்கலாம். பிளக்கைக் கழற்றிய நிலையில், பெட்ரோல் சிந்தியிருக்கும் இடத்தில் மின்பொறியைச் சோதித்தல் கூடாது. அந்தப் பொறியே தீயை மூட்டிவிடும்.

வண்டி ஓடும்போது காட்டும் குறிகளும் நமக்கு வழிகாட்டும். சில மைல் நன்றாக ஓடி, திடீரென இழுவை குறைந்து நின்று, சற்று நேரம் கழித்துத் தானாகவே இயங்கினால் மூடித்துளை அடைபட்டிருக்கலாம். சமதரையில் நன்றாக ஓடி, மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கினால், பாதையில் எங்கோ பாதியடைப்பு இருக்கிறது. பெரிய ஜெட்டில் அழுக்குச் சேர்ந்திருக்கவும் கூடும். வேகத்தில் ஓடி, ஆக்சிலேட்டரை விட்டதும் அணைந்துபோனால் சிறிய ஜெட்டைப் பார்க்க வேண்டும். மழைக்குப் பின் இருமி இருமி ஓடினால் பெட்ரோலில் நீர் கலந்திருக்கிறதா என்று ஆராய வேண்டும்.

வரிசையாகச் சோதிக்கும் முறை

1. தொட்டி: முதலில் தொட்டியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் அளவுகாட்டும் முள்ளை முற்றிலும் நம்பிவிட முடியாது. திறப்புக் குழாய் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். சிலர் எப்போதும் ரிசர்வ் நிலையிலேயே ஓட்டுவர். அவர்களுக்குப் பெட்ரோல் தீரும்போது முன்னறிவிப்பே கிடைக்காது.

2. மூடி: வண்டி நின்ற உடனே மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டு, அதன்பின் வண்டி இயங்கினால் குற்றம் மூடியில்தான். மூடியை வண்டியிலிருந்து எடுத்துச் சோப்பு நீரில் கழுவி, துளையில் மெல்லிய கம்பியைச் செலுத்தித் துப்புரவு செய்து, நன்றாக உலர்த்திப் பொருத்துங்கள். துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள். பெரிதாக்கினால் மழைநீர் உள்ளே புகுந்துவிடும்.

3. ஓட்டச் சோதனை: இதுவே எல்லாச் சோதனைகளிலும் பயன்மிக்கது. பெரும்பாலான கார்புரேட்டர்களில் மிதவை அறையின் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கும். திறப்புக் குழாயை மூடி, கீழே தெளிந்த கண்ணாடிப் போத்தல் ஒன்றைப் பிடித்து, அத்திருகைத் தளர்த்துங்கள். அறையில் உள்ள பெட்ரோல் வடிந்ததும் திறப்புக் குழாயைத் திறவுங்கள். பெட்ரோல் விடாமல் ஒரே சீராக ஒழுகினால் மேலே உள்ள பாதை நல்ல நிலையில் இருக்கிறது. குற்றம் ஜெட்டிலோ மின்பொறியிலோ இருக்கலாம். முதலில் ஒழுகிப் பின்னர் சொட்டுச் சொட்டாகக் குறைந்தால் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். ஓட்டம் மீண்டால் மூடித்துளையே காரணம். மீளாவிட்டால் பாதையில் அடைப்பு இருக்கிறது. ரிசர்வ் நிலையில் மட்டும் நன்றாக ஒழுகி, தொட்டி நிறைந்திருந்தும் மற்ற நிலையில் ஒழுகவில்லையெனில், தொட்டியிலிருந்து வரும் முதன்மை வழி அடைபட்டிருக்கிறது என்று துணியலாம்.

4. வடிகட்டிக் கிண்ணம்: திறப்புக் குழாயை மூடிவிட்டு, பொருத்தமான ஸ்பேனர் கொண்டு கிண்ணத்தைக் கழற்றுங்கள். அடியில் பழுப்புநிறத் துருத்தூளோ நீர்த்துளியோ இருந்தால் அகற்றி, சல்லடையைப் பெட்ரோலில் கழுவுங்கள். கிண்ணம் கழற்றிய நிலையில் திறப்புக் குழாயைச் சற்றே திறந்து பாருங்கள். பெட்ரோல் தாராளமாக இறங்கினால் தொட்டியும் குழாயும் பழுதற்றவை. மீண்டும் பொருத்தும்போது ரப்பர் வளையம் சரியாக அமர்ந்திருக்க வேண்டும். பலங்கொண்ட மட்டும் முடுக்கக்கூடாது. கார்புரேட்டரின் உலோகம் மென்மையானது. மரை அழிந்துவிட்டால் பெட்ரோல் கசிவு தீராத் தொல்லையாகிவிடும்.

5. ரப்பர்க் குழாய்: குழாய் மடிந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா, உள்ளே உப்பி வழி குறுகியிருக்கிறதா என்று பாருங்கள். இங்கு நம் தொழிலோடு தொடர்புடைய உண்மை ஒன்று உண்டு. நாம் வெட்டியெடுக்கும் பாலிலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பர், டயருக்கு மிகச் சிறந்த பொருள். ஆனால் பெட்ரோலில் பட்டால் அது உப்பி, மெலிந்து, வலுவிழந்துவிடும். அதனாலேயே பெட்ரோல் குழாய்களைப் பெட்ரோலைத் தாங்கும் செயற்கை ரப்பரால் செய்கின்றனர். சைக்கிள் டியூபுத் துண்டையோ, தண்ணீர்க் குழாயையோ வைத்து ஒப்பேற்றுவது இதனால்தான் தவறாகிறது. கடையில் பெட்ரோல் குழாய் என்றே கேட்டு வாங்க வேண்டும். குழாய் தேவைக்கு மேல் நீளமாக இருந்து, மேலேறி வளைந்து இறங்கினால் காற்றுக் குமிழி தங்கி ஓட்டத்தைத் தடுக்கும்.

6. கார்புரேட்டர்: மேற்கூறிய அனைத்தும் சரியாக இருந்தும் கோளாறு நீங்காவிட்டால் கார்புரேட்டரைத் திறக்க வேண்டும். வெள்ளைத் துணி விரித்த மேசையில், கழற்றிய வரிசைப்படியே உறுப்புகளை வைத்தால் திரும்பப் பொருத்துவது எளிது. காற்றுத் திருகைக் கழற்றுமுன் அதனை மெல்ல முழுவதும் உள்ளே திருகி, எத்தனைச் சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பொருத்தும்போது அதே அளவில் வைக்க வேண்டும். ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வட்டமான ஒளித்துளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கார்புரேட்டர் துப்புரவு மருந்திலோ பெட்ரோலிலோ ஊறவைத்து, சைக்கிள் பம்பினால் காற்றடியுங்கள். கம்பியாலும் ஊசியாலும் குத்துதல் கூடாது. பித்தளைத் துளை சிறிது பெரிதானாலும் வண்டி பெட்ரோலை வீணாகக் குடிக்கத் தொடங்கும்.

வேலை முடிந்ததும் சிந்திய பெட்ரோலைத் துடைத்து, உலரவிட்டு, திறப்புக் குழாயைத் திறந்து, இரண்டு மூன்று நிமிடம் கசிவு இருக்கிறதா என்று பார்த்த பின்னரே என்ஜினை மிதிக்க வேண்டும்.

பெட்ரோல் வழிந்தோடினால்

பெட்ரோல் வராமை ஒரு கோளாறென்றால், நில்லாமல் வழிவது அதனினும் ஆபத்தான கோளாறாகும். மிதவை ஊசியில் தூசி சிக்கியிருக்கலாம்; ஊசியின் முனை தேய்ந்திருக்கலாம்; மிதவையில் ஓட்டை விழுந்து, உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கலாம். மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்த்தால் உள்ளே பெட்ரோல் இருப்பது ஓசையால் தெரியும். சூடான என்ஜின்மீது பெட்ரோல் வழிந்தால் தீப்பற்றும் அபாயம் உண்டு. உடனே என்ஜினை அணைத்து, திறப்புக் குழாயை மூடுங்கள். இரவு முழுதும் வழிந்த பெட்ரோல் என்ஜினுக்குள் இறங்கி, என்ஜின் எண்ணெயுடன் கலந்துவிடுவதும் உண்டு. எண்ணெயின் மட்டம் உயர்ந்து, அதில் பெட்ரோல் மணம் வீசினால், அந்த எண்ணெயை மாற்றாமல் வண்டியை ஓட்டக்கூடாது. எண்ணெய் நீர்த்துப்போனால் என்ஜின் உறுப்புகள் விரைவில் தேய்ந்துவிடும்.

நீரும் துருவும்

ஓட்டச் சோதனையில் எடுத்த பெட்ரோலைச் சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். நீர் கலந்திருந்தால், கனத்தால் அடியில் தனியே தங்கி நிற்கும். மூடியின் ரப்பர் வளையம் பழுதுபடுவதாலும், பாதி காலியான தொட்டியில் இரவுக் குளிரில் ஈரம் படிவதாலும் நீர் சேர்கிறது. அந்நீரே தொட்டியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. நீரும் துருவும் தொட்டியின் அடியில் தங்குவதால், நெடுநாள் பயன்படுத்தாத ரிசர்வ் வழியைத் திறந்ததும் வண்டி நின்றுவிடுவதைக் காண்கிறோம்.

துரு மிகுந்திருந்தால் தொட்டியைக் கழற்றி, முழுவதும் வடித்துக் கழுவ வேண்டும். தொட்டி பொத்தலாகியிருந்தால் அதனை நீங்களே பற்றவைக்க முயலாதீர்கள். பெட்ரோல் நிறைந்த தொட்டியைக் கண்டு அஞ்சுவோர் காலித் தொட்டியைக் கண்டு அஞ்சுவதில்லை. உண்மையில் காலித் தொட்டிக்குள் தங்கிய ஆவியே வெடிக்கும். இதற்குப் பயிற்சி பெற்றவரை நாடுங்கள். இயலுமாயின் வேறு தொட்டி வாங்கிப் பொருத்துங்கள்.

கழுவிய பெட்ரோலை லயத்துக் கால்வாயிலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். மூடியுள்ள உலோகக் கலத்தில் சேர்த்துப் பட்டறையில் ஒப்படையுங்கள். கையில் படிந்த கறையைப் பெட்ரோலால் கழுவாமல் சோப்பினால் கழுவுங்கள். பெட்ரோல் தோலின் எண்ணெய்ப் பசையைப் போக்கி, வெடிப்பும் சொறியும் உண்டாக்கும்.

வருமுன் காத்தல்

வாரந்தோறும் குழாயிலும் கார்புரேட்டரைச் சுற்றியும் கசிவு உண்டா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை வடிகால் திருகைத் தளர்த்திச் சிறிது பெட்ரோலை வடித்து, நீரும் துருவும் இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை வடிகட்டிக் கிண்ணத்தையும் மூடித்துளையையும் துப்புரவு செய்யுங்கள். மழைக்காலத்தில் தொட்டியைக் கூடுமானவரை நிரப்பியே வையுங்கள். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் திறப்புக் குழாயை மூடுங்கள். பல வாரங்கள் ஓட்டப்போவதில்லை என்றால், திறப்புக் குழாயை மூடிவிட்டு, என்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் பிசின்போல் இறுகி ஜெட்டை அடைத்துக்கொள்ளும்.

இவ்வேலைகளை ஓய்வு நாளில், பகற்பொழுதில் செய்துவிட்டால், அதிகாலை இருளில் அவசரப்பட்டுச் செய்யும் நிலை வராது. அவசரமும் இருளும் பெட்ரோலும் ஒன்று சேரும் இடத்தில்தான் விபத்து நேர்கிறது.

நினைவிற் கொள்ளவேண்டியவை

தொட்டி, மூடி, ஓட்டம், கிண்ணம், குழாய், கார்புரேட்டர் என்னும் வரிசையை மாற்றாதீர்கள். எளிதில் பார்க்கக்கூடியது முதலில், கழற்றவேண்டியது கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சரிசெய்து, வண்டியை இயக்கிப் பாருங்கள். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்பது தெரியாமற் போகும். தேவையற்ற உறுப்புக்குப் பணமும் விரயமாகும்.

இவ்வளவும் செய்தும் கோளாறு நீங்காவிட்டால் பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டியதுதான். அப்போதும் உங்கள் முயற்சி வீணாகாது. “வண்டி பழுது” என்று மட்டும் கூறாமல், “மூடியும் வடிகட்டியும் நன்றாக இருக்கின்றன, பெட்ரோல் சீராக ஒழுகுகிறது, பிளக்கும் நனைகிறது” என்று விளக்கிக் கூறினால், பழுதுபார்ப்பவர் நேரே குற்றமுள்ள இடத்துக்குச் செல்வார். அதனால் கூலியும் குறையும், நேரமும் மிஞ்சும்.

தோட்டத்தில் வளரும் இளைஞர்களுக்கும் இம்முறையைக் கற்றுக் கொடுங்கள். பெண்களும் இன்று வண்டி ஓட்டி வேலைக்குச் செல்வதால், அவர்களும் இதனை அறிந்திருத்தல் நலம். நம் வண்டியை நாமே அறிந்து பேணினால் வெட்டு நேரம் தவறாது; வருவாய் குறையாது; வீட்டுக்குத் தீங்கும் நேராது.